மனித உடலின் கணினி மாதிரிகளும் கதிர்வீச்சு ஏற்பளவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதிரியல் பயிலும் மாணவர்களும், ஸ்கேன் அறைகளில் பணிபுரியும் தொழில்நுட்பர்களும், தம் பரிசோதனை அறிக்கையில் மில்லிசீவெர்ட் என்ற அலகுடன் அச்சாகியிருக்கும் எண் எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்பும் நோயாளிகளும் பொதுவாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மனித உடல் இருக்கிறது. அது கணினிக்குள் மட்டுமே இருக்கும் உடல். அது யாருடைய உடல், எப்படி உருவாக்கப்பட்டது, எவ்வளவு நம்பத்தக்கது என்பவை தெரியாமல் அந்த எண்ணைச் சரியாகப் படிக்க இயலாது என்பதால், அந்த உடலின் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓர் உறுப்பு பெற்ற கதிர்வீச்சை நேரடியாக அளந்துவிட முடியாதா?

உயிருள்ள உடலில் பெரும்பாலும் முடியாது. கதிர் ஏற்பளவு, அதாவது மருத்துவமனைகளில் 'டோஸ்' என்று சொல்லப்படுவது, ஒரு கிலோகிராம் திசுவில் படிந்த ஆற்றலின் அளவாகும். ஒரு கிலோகிராமில் ஒரு ஜூல் ஆற்றல் படிந்தால் அது ஒரு கிரே. தோலின் மேல் ஓர் அளவியை ஒட்டி வைத்துத் தோல் பெற்றதை அறியலாம். ஆனால் கணையத்துக்குள்ளும் எலும்பு மஜ்ஜைக்குள்ளும் அளவியைச் செலுத்த வழியில்லை. உடலுக்குள் சென்ற கதிரியக்கப் பொருள் ஒன்று கல்லீரலில் தங்கி, அங்கிருந்து சிறுநீரகத்தை நோக்கிக் கதிர்களை அனுப்பிக்கொண்டிருக்கும்போது நிலைமை இன்னும் கடினமாகிறது. எனவே உடலைப் போன்ற ஒன்றைச் செய்து அதில் அளக்க வேண்டும், அல்லது கணக்கிட வேண்டும்.

'ஃபாண்டம்' என்ற சொல் எதைக் குறிக்கிறது?

உடலுக்குப் பதிலாக நிற்கும் எதையும் இத்துறையினர் ஃபாண்டம் என்பர். அது இரு வகைப்படும். ஒன்று, கையால் தொடக்கூடியது: திசுவுக்கு ஒப்பான பிளாஸ்டிக்கில் மனித எலும்புக்கூட்டைப் பதித்து, 2.5 செ.மீ. கனமுள்ள துண்டுகளாக அறுத்து, துண்டுகளில் உள்ள சிறு துளைகளில் அளவிகளை வைத்துப் பயன்படுத்தப்படும் ராண்டோ ஃபாண்டம் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. மற்றொன்று கணினிக்குள் எண்களாக மட்டும் இருப்பது. இந்தப் பக்கம் இரண்டாவது வகையைப் பற்றியது. இனி இதைக் 'கணினி உடல் மாதிரி' அல்லது சுருக்கமாக 'மாதிரி' என்றே குறிப்பிடுவோம்.

முதல் மாதிரிகள் எப்படி இருந்தன?

தொடக்கத்தில் உறுப்புகள் தனித்தனி உருண்டைகளாகக் கருதப்பட்டன. கதிரியக்கப் பொருள் உருண்டையின் நடுவில் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்கிட்டார்கள். பக்கத்து உறுப்பு என்ற ஒன்று அந்தக் கணக்கில் ஏறக்குறைய இல்லவே இல்லை. 1960-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தில் ஃபிஷர், ஸ்னைடர் ஆகிய இருவரும் முழு உடலையும் கணிதச் சமன்பாடுகளால் அமைத்தபோதுதான் நிலைமை மாறியது. அவர்களின் மாதிரியில் கைகளும் உடற்பகுதியும் சேர்ந்து ஒரே நீள்வட்ட உருளை: அகலம் 40 செ.மீ., கனம் 20 செ.மீ., உயரம் 70 செ.மீ. கால்கள் நுனி வெட்டப்பட்ட கூம்புகள். சிறுநீரகம் ஒரு பக்கம் சீவப்பட்ட நீள்கோளம். அமெரிக்க அணு மருத்துவச் சங்கம் உடலக ஏற்பளவுக்கென அமைத்திருந்த மிர்டு குழு 1969-இல் வெளியிட்ட 5-ஆம் சிறுநூலில் இந்த மாதிரியும் அதிலிருந்து பெற்ற முடிவுகளும் இடம்பெற்றன. 1978-இல் அது திருத்தப்பட்டது. அதனால்தான் இன்றும் இதை 'மிர்டு மாதிரி' என்று அழைக்கிறார்கள்.

இன்றைய கண்ணுக்கு இந்த உருவம் குழந்தை அடுக்கிய மரக்கட்டைகள் போலத் தோன்றலாம். ஆனால் அன்றைய கணினியின் நினைவகத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். சில டஜன் சமன்பாடுகளில் ஒரு முழு மனிதனை அடக்கி, ஓர் ஒளித்துகள் (எக்ஸ் கதிர் அல்லது காமா கதிரின் ஒரு துகள்) இப்போது எந்த உறுப்புக்குள் இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரு சிறு பெருக்கலிலும் கூட்டலிலும் விடை சொல்ல வைத்தது பெரிய சாதனை என்றே கருதுகிறேன்.

மான்டி கார்லோ முறை இதில் என்ன செய்கிறது?

மாதிரி என்பது அரங்கம் மட்டுமே. அதற்குள் கதிர்களை ஓடவிடுவது மான்டி கார்லோ முறை. 1940-களில் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் உலாம், ஃபான் நாய்மன் ஆகியோரின் சிந்தனையில் உருவான இம்முறையில், ஒவ்வொரு துகளின் வாழ்க்கையும் தற்செயல் எண்களைக் கொண்டு நடத்திப் பார்க்கப்படுகிறது. ஓர் ஒளித்துகள் எவ்வளவு தூரம் சென்று மோதும், மோதியபின் சிதறுமா அல்லது உறிஞ்சப்படுமா, சிதறினால் எந்தத் திசையில் எவ்வளவு ஆற்றலுடன் செல்லும் என்பவை இயற்பியல் தரும் நிகழ்தகவுகளின்படி ஒவ்வொரு படியிலும் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கப்படுகின்றன. இப்படி லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான துகள்களை ஓடவிட்டு, ஒவ்வோர் உறுப்பிலும் படிந்த ஆற்றலைக் கூட்டி, உறுப்பின் நிறையால் வகுத்தால் ஏற்பளவு கிடைக்கும். எம்.சி.என்.பி., ஜியன்ட்4, ஈ.ஜி.எஸ்., ஃபிட்ஸ், ஃப்ளூகா போன்ற நிரல்கள் இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படுகின்றன.

இதில் புள்ளியியல் பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் துகள்களின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்க வேண்டும். சிறிய உறுப்புகளுக்கும் கதிர் மூலத்திலிருந்து தொலைவில் உள்ள உறுப்புகளுக்கும் வந்துசேரும் துகள்கள் குறைவு என்பதால், அங்கேதான் கணினி நேரம் கரைகிறது.

முதல் மாதிரி ஆணா, பெண்ணா?

இரண்டும். விந்தகம், சூலகம், கருப்பை ஆகிய மூன்றும் அந்த ஒரே உடலில் வைக்கப்பட்டிருந்தன. ஒரே கணக்கில் எல்லா உறுப்புகளுக்கும் விடை பெறுவதற்கு அது வசதியாக இருந்தது. ஆனால் அந்த உடலின் அளவு வளர்ந்த ஆணுடையது. 1982-இல் ஜெர்மனியின் ஜி.எஸ்.எஃப். ஆய்வு மையத்தில் கிராமரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆதாம், ஏவா என்று தனித்தனி ஆண், பெண் மாதிரிகளை உருவாக்கினார்கள். ஓக் ரிட்ஜில் கிறிஸ்டியும் எக்கர்மனும் 1987-இல் வெளியிட்ட குடும்பத்தில் 15 வயதுக்குரிய மாதிரியே வளர்ந்த பெண்ணுக்கும் பதிலாக நின்றது. பெண்ணுடல் தனக்கென ஒரு மாதிரியைப் பெறுவதற்கு இவ்வளவு காலம் ஆனதும், பெற்ற பிறகும் பல இடங்களில் இரவல் உடலே தொடர்ந்ததும் இத்துறையின் வரலாற்றில் வருத்தம் தரும் பகுதி.

குழந்தைகளுக்குத் தனி மாதிரி அவசியமா? பெரியவர்களின் எண்ணைக் குறைத்துப் பயன்படுத்தினால் போதாதா?

போதாது. இதை ஒரே ஓர் உறுப்பைக் கொண்டு காட்டலாம். ஐ.சி.ஆர்.பி. என்று அழைக்கப்படும் பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2002-இல் வெளியிட்ட 89-ஆம் அறிக்கை, தைராய்டின் மேற்கோள் நிறையை, அதாவது கணக்குகளுக்குப் பொது அளவாக வைத்துக்கொள்ளும் நிறையை, பிறந்த குழந்தைக்கு 1.3 கிராம், 1 வயதில் 1.8 கிராம், 5 வயதில் 3.4 கிராம், 10 வயதில் 7.9 கிராம், 15 வயதில் 12 கிராம், வளர்ந்த ஆணுக்கு 20 கிராம், வளர்ந்த பெண்ணுக்கு 17 கிராம் என்று தருகிறது. அயோடின்-131 தைராய்டில் தங்கும்போது வெளியிடும் பீட்டா துகள்களின் ஆற்றலில் பெரும்பகுதி அந்தச் சுரப்பிக்குள்ளேயே படிந்துவிடுகிறது. ஆகவே ஒரே அளவு அயோடின் ஒரே கால அளவு 1 வயதுக் குழந்தையின் தைராய்டிலும் வளர்ந்த ஆணின் தைராய்டிலும் தங்கியதாகக் கொண்டால், நிறைகளின் விகிதப்படியே குழந்தையின் சுரப்பி ஏறத்தாழ 11 மடங்கு ஏற்பளவைப் பெறும்.

நிறை மட்டுமே காரணம் என்றால் வகுத்துவிட்டுப் போய்விடலாம். குழந்தையின் உடலில் உறுப்புகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றன. ஓர் உறுப்பிலிருந்து புறப்படும் காமா கதிர் அடுத்ததை எளிதில் எட்டுகிறது. தலை, உடலோடு ஒப்பிடும்போது பெரியது. குருதியை உண்டாக்கும் சிவப்பு மஜ்ஜை, பெரியவர்களிடம் முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, மண்டையோடு, கை கால்களின் மேல்முனைகள் ஆகியவற்றில் பெரும்பாலும் ஒடுங்கியிருக்க, பிறந்த குழந்தையிடம் எலும்புக்கூடு முழுவதும் பரவியிருக்கிறது. இத்தனை வேறுபாடுகளையும் ஒரே குறுக்கு எண்ணில் அடக்க முடியாது.

சமன்பாட்டு மாதிரிகளின் முதன்மையான குறை எது?

வடிவம் அழகாக இல்லை என்பது குறையே அல்ல. உறுப்புகளுக்கிடையே உள்ள இடைவெளிதான் குறை. உருளைகளையும் நீள்கோளங்களையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளாமல் அடுக்கும்போது நடுவே காலியிடம் மிஞ்சுகிறது. அந்த இடம் பொதுவான மென்திசுவால் நிரப்பப்படுகிறது. உண்மை உடலிலோ கல்லீரல் வலது சிறுநீரகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, இரைப்பை மண்ணீரலோடு உரசுகிறது. எனவே ஓர் உறுப்பிலிருந்து இன்னோர் உறுப்புக்குச் செல்லும் கதிர்வீச்சைப் பழைய மாதிரிகள் பல உறுப்பு இணைகளில் குறைத்து மதிப்பிட்டன என்பது, படங்களிலிருந்து உருவாக்கிய மாதிரிகளோடு ஒப்பிட்டபோது தெளிவாயிற்று. வெளியிலிருந்து வரும் கதிருக்கும் இது பொருந்தும்: ஓர் உறுப்பின் முன் எவ்வளவு கனத்துக்குத் திசு மறைத்து நிற்கிறது என்பதே அந்த உறுப்பின் ஏற்பளவைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

வாக்சல் மாதிரி என்றால் என்ன? அது எப்படி உருவாக்கப்படுகிறது?

கணினித் திரையில் உள்ள படம் சிறு சதுரங்களால் ஆனது. அதற்கு ஒரு கனத்தையும் சேர்த்தால் ஒரு சிறு செவ்வகப் பெட்டி கிடைக்கும். அதுவே வாக்சல். சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. கருவி ஓர் உடலைத் தலை முதல் கால் வரை குறுக்குவெட்டுப் படங்களாகத் தருகிறது. அந்தப் படங்களை அடுக்கி, ஒவ்வொரு பெட்டிக்கும் 'இது கல்லீரல்', 'இது தசை', 'இது நுரையீரல்' என்று ஓர் அடையாள எண் இட்டால் வாக்சல் மாதிரி உருவாகிறது. கேட்க எளிது. ஆனால் சி.டி. படத்தில் கணையமும் சிறுகுடலும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும். அவற்றைப் பிரிப்பதற்கு உடற்கூறு அறிந்த ஒருவர் நூற்றுக்கணக்கான படங்களில் எல்லைக்கோட்டைக் கையால் வரைய வேண்டியிருந்தது. ஒரு மாதிரிக்கு மாதக்கணக்கில் உழைப்பு தேவைப்பட்டது.

1980-களில் இந்த முயற்சி தொடங்கியது. ஜி.எஸ்.எஃப். மையத்தில் 8 வாரக் குழந்தை ஒன்றின் படங்களிலிருந்தும் 7 வயதுச் சிறுமி ஒருத்தியின் படங்களிலிருந்தும் இரு மாதிரிகள் உருவாயின. 1994-இல் யேல் பல்கலைக்கழகத்தின் சூபல் ஒரு மாதிரியை வெளியிட்டார். 2000-இல் ரென்சிலேர் பல்தொழில்நுட்பக் கழகத்தில் ஷூ தலைமையில் உருவான விப்-மேன் என்ற மாதிரி 0.33 மி.மீ. பக்கமும் 1 மி.மீ. உயரமும் கொண்ட சுமார் 370 கோடி வாக்சல்களால் ஆனது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் 'காணக்கூடிய மனிதர்' திட்டத்தில், உறைய வைத்து மெல்லிய அடுக்குகளாகச் சீவி வண்ணப்படம் எடுக்கப்பட்ட ஓர் ஆணுடல் அதன் மூலம்.

அப்படியானால் இந்த மாதிரிகள் உண்மையான மனிதர்களின் உடல்களா?

ஆம், இதை மறந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். ஜி.எஸ்.எஃப். மையத்தின் கோலெம் என்ற மாதிரி, லுகேமியாவுக்கு முழுவுடல் கதிர்ச் சிகிச்சை பெறுவதற்கு முன் ஸ்கேன் செய்யப்பட்ட 38 வயது ஆண் ஒருவருடையது. உடல்நலம் உள்ளவரைத் தலை முதல் கால் வரை சி.டி. எடுப்பது தேவையற்ற கதிர்வீச்சுக்கு ஆளாக்குவதாகும் என்பதால், நோயாளிகளின் படங்களும் இறந்தோரின் உடல்களுமே இத்துறைக்குப் பெரும்பாலும் கிடைத்தன. நாம் இன்று பயன்படுத்தும் எண்களுக்கு அவர்கள் உடலால் பங்களித்திருக்கிறார்கள்.

ரெக்ஸ், ரெஜினா என்று சொல்லப்படுபவை எவை?

ஐ.சி.ஆர்.பி. 2009-இல் வெளியிட்ட 110-ஆம் அறிக்கையின் மேற்கோள் ஆண் மாதிரியும் மேற்கோள் பெண் மாதிரியும் இப்பெயர்களால் அறியப்படுகின்றன. ஆண் மாதிரி கோலெமிலிருந்தும், பெண் மாதிரி லாரா என்ற 43 வயதுப் பெண்ணின் மாதிரியிலிருந்தும் உருவாயின. தனி மனிதர் எவருக்கும் எல்லா உறுப்புகளும் சராசரி நிறையில் இருப்பதில்லை. ஆகவே வாக்சலின் அளவை மாற்றி உயரத்தைச் சரிசெய்தார்கள்; பிறகு உறுப்புகளின் ஓரத்தில் வாக்சல்களைக் கூட்டியும் நீக்கியும் ஒவ்வொன்றையும் 89-ஆம் அறிக்கையின் மேற்கோள் நிறைக்குக் கொண்டுவந்தார்கள். முடிவில் ஆணுக்கு 176 செ.மீ. உயரம், 73 கி.கி. எடை, பெண்ணுக்கு 163 செ.மீ., 60 கி.கி. ஆண் மாதிரியில் சுமார் 19.5 லட்சம் வாக்சல்களும், பெண் மாதிரியில் சுமார் 38.9 லட்சம் வாக்சல்களும் உள்ளன. ஏறத்தாழ 140 உறுப்புகளும் திசுக்களும் அடையாளம் காணப்பட்டுள்ளன. குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும் உரிய பத்து மேற்கோள் மாதிரிகள் 2020-இல் 143-ஆம் அறிக்கையாக வந்தன.

வாக்சல் மாதிரி உண்மையான உடலிலிருந்து எடுக்கப்பட்டது என்றால், அதற்கு மேல் என்ன தேவை?

கனசெவ்வகங்களால் வளைவுகளைக் கட்டும்போது விளிம்பு படிக்கட்டாகிறது. பெரிய உறுப்புகளில் அது பொருட்டல்ல. மெல்லிய படலங்களில் அது எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. மேற்கோள் ஆண் மாதிரியின் வாக்சல் 2.137 மி.மீ. பக்கமும் 8 மி.மீ. உயரமும் உடையது. தோலில் கதிர்வீச்சால் புற்று உண்டாகக்கூடிய உயிரணுக்கள் இருப்பதாகக் கருதப்படும் அடுக்கோ மேற்பரப்பிலிருந்து 50 முதல் 100 மைக்ரோமீட்டர் ஆழத்தில், அதாவது வெறும் 50 மைக்ரோமீட்டர் கனத்தில் உள்ளது. ஒரு வாக்சலின் பக்கம் அந்த அடுக்கைவிட 40 மடங்குக்கும் மேல் பெரியது. குடலிலும் இதே கதைதான்: இரைப்பைச் சுவரில் 60 முதல் 100, சிறுகுடலில் 130 முதல் 150, பெருங்குடலில் 280 முதல் 300 மைக்ரோமீட்டர் ஆழத்தில் உள்ள அடுக்குகளே கவனிக்கப்பட வேண்டியவை. விழிவில்லையின் முன்பகுதியில் உள்ள உணர்திறன் மிக்க உயிரணுக்களைத் தனியே காட்டுவதற்கும் வாக்சல் பெரிது.

ஊடுருவும் காமா கதிருக்கு இந்தக் குறை பெரிதாகப் படுவதில்லை. சில மைக்ரோமீட்டர் தள்ளியிருந்தாலும் ஏற்பளவு ஏறத்தாழ அதே. பீட்டா, ஆல்பா துகள்களுக்கு அப்படியில்லை. ஒரு திசுவின் மேற்பரப்பிலேயே நின்றுவிடும் துகள், உணர்திறன் உள்ள அடுக்கை எட்டியதா எட்டவில்லையா என்பதே அங்கே கேள்வி. சி.டி. படம் படுத்த நிலையில் எடுக்கப்படுவதால் நுரையீரல் அழுந்தி, வயிற்று உறுப்புகள் சற்று மேலேறியிருக்கும் என்பதும், அந்த உடலை நிமிர்ந்து நிற்கும் பணியாளருக்குப் பயன்படுத்துகிறோம் என்பதும் இன்னொரு குறை. வாக்சல் மாதிரியைக் குனியவோ உட்காரவோ வைப்பதும் எளிதல்ல.

வலை மாதிரிகள் இதை எப்படித் தீர்க்கின்றன?

உறுப்பின் பரப்பை முக்கோணங்களால் ஆன வலையாகவோ, வழுவழுப்பான வளைபரப்புகளாகவோ எழுதிவிட்டால், அதை நீட்டலாம், சுருக்கலாம், வளைக்கலாம்; படிக்கட்டு விளிம்பு இல்லை. வளைபரப்பு முறையில் 2001-இல் செகார்ஸ் உருவாக்கிய என்கேட், பின்னர் 2010-இல் வந்த எக்ஸ்கேட் ஆகியவை துடிக்கும் இதயத்தையும் மூச்சில் அசையும் நுரையீரலையும் காட்டக்கூடியவை. ஸ்கேன் கருவிகளின் படத்தரத்தை ஆராய்வோர் இவற்றைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் போல்ச், லீ ஆகியோர் பிறந்த குழந்தை முதல் வளர்ந்தவர் வரை ஒரு முழுக் குடும்பத்தை இம்முறையில் உருவாக்கினார்கள். மேலே சொன்ன 143-ஆம் அறிக்கையின் பத்து மாதிரிகளும் அந்த வழியில் வந்தவையே.

அடுத்த படியில், தென் கொரியாவின் ஹான்யாங் பல்கலைக்கழகத்தில் கிம் தலைமையிலான குழு ரெக்ஸ், ரெஜினா இரண்டையும் வலையாக மாற்றியது. 2020-இல் ஐ.சி.ஆர்.பி. 145-ஆம் அறிக்கையாக வெளியான அவற்றின் உட்பகுதி நான்முகிகளால், அதாவது நான்கு முக்கோண முகங்கள் கொண்ட சிறு திண்மங்களால், நிரப்பப்பட்டுள்ளது. ஒவ்வொரு மாதிரியிலும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட நான்முகிகள் உள்ளன. மைக்ரோமீட்டர் கனமுள்ள தோலடுக்கும் குடற்சுவர் அடுக்கும் விழிவில்லையும் அதே உடலுக்குள் சேர்க்கப்பட்டன. ஊடுருவும் கதிர்களுக்குப் பழைய மாதிரிகளோடு பெரிய வேறுபாடு இல்லை. குறைவாக ஊடுருவும் துகள்களுக்குக் கணிசமான வேறுபாடு தெரிந்தது. இந்த அறிக்கை திருத்திய இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை: முந்தைய மேற்கோள் நிறைகள் உறுப்பின் திசுவை மட்டும் கணக்கில் எடுத்தன; உயிருள்ள உறுப்பில் ஓடும் குருதியும் சேர்ந்ததே அதன் உண்மையான நிறை என்பதால் உறுப்பு நிறைகள் மாற்றப்பட்டன. கல்லீரல், நுரையீரல் போன்ற குருதி மிகுந்த உறுப்புகளில் இது சிறிய திருத்தம் அன்று. சிறுவர்களுக்குரிய வலை மாதிரிகள் 2024-இல் 156-ஆம் அறிக்கையாக வந்தன.

எலும்பு மஜ்ஜையின் ஏற்பளவு மட்டும் ஏன் இவ்வளவு சிக்கலானது?

ஏனெனில் மஜ்ஜை ஓரிடத்தில் கட்டியாக இல்லை. எலும்பின் உட்பகுதி கடற்பஞ்சு போன்றது. நூலிழை போன்ற எலும்புத் தண்டுகளுக்கிடையே உள்ள சிறு குழிகளில் சிவப்பு மஜ்ஜை தங்கியிருக்கிறது. வளர்ந்த ஆணின் மேற்கோள் உடலில் அது மொத்தம் 1,170 கிராம், பெண்ணுக்கு 900 கிராம். குழிகளின் அளவு மருத்துவமனை சி.டி. படத்தின் நுணுக்கத்துக்கு எட்டாதது; எனவே முழுவுடல் மாதிரி எதிலும் அதை நேரடியாக வரைய இயலவில்லை. பிரிட்டனில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்பியர்ஸ், எலும்புத் துண்டுகளை ஒளியால் வருடி, ஒரு நேர்கோடு எலும்பில் எவ்வளவு நீளமும் மஜ்ஜையில் எவ்வளவு நீளமும் செல்கிறது என்ற பரவலை அளந்தார். பல பத்தாண்டுகள் மஜ்ஜைக் கணக்குகள் அந்த அளவீடுகளின் மேல் நின்றன. பின்னர் நுண் சி.டி. படங்கள் வந்தன, இப்போதும் பெரிய உடலுக்கு ஒரு கணக்கும், எலும்பின் நுண்ணமைப்புக்கு இன்னொரு கணக்கும் செய்து இரண்டையும் இணைக்கிறார்கள். லுகேமியா கதிர்வீச்சால் உண்டாகக்கூடிய முதன்மையான நோய்களில் ஒன்று என்பதை எண்ணும்போது, இத்துறையில் மிகுந்த பொறுமையோடு செய்யப்பட்ட பணி இதுவே என்று சொல்வேன்.

கருவுற்ற பெண்களுக்கு மாதிரிகள் உள்ளனவா?

உள்ளன. 1995-இல் ஸ்டேபினும் அவருடன் பணியாற்றியவர்களும் கருத்தரிப்பின் 3, 6, 9 மாத நிலைகளுக்குச் சமன்பாட்டு மாதிரிகளை வெளியிட்டனர். 2007-இல் ரென்சிலேர் குழு அதே மூன்று நிலைகளுக்கு வளைபரப்பு மாதிரிகளை உருவாக்கியது. கருவுற்ற பெண்ணை சி.டி. எடுப்பது அரிது என்பதால், இம்மாதிரிகளில் சிசுவின் உருவம் பல மூலங்களிலிருந்து சேர்த்துக் கட்டப்பட்டது.

மேற்கோள் உடல் எல்லா மக்களுக்கும் பொருந்துமா?

1975-இல் வகுக்கப்பட்ட 'மேற்கோள் மனிதன்' 170 செ.மீ. உயரமும் 70 கி.கி. எடையும் உடைய, 20 முதல் 30 வயதுக்குட்பட்ட, மேற்கு ஐரோப்பிய அல்லது வட அமெரிக்க ஆண். பின்னர் வந்த மேற்கோள்களும் பெரும்பாலும் அந்த மக்களின் தரவுகளையே சார்ந்திருந்தன. அதனால் ஜப்பானில் ஓட்டோகோ, ஓனாகோ, கொரியாவில் கோர்மன், சீனாவில் அந்நாட்டுக் 'காணக்கூடிய மனிதர்' படங்களிலிருந்து ஒரு மாதிரி, பிரேசிலில் கிராமர் குழுவின் மாதிரிகள் என்று பல தோன்றின.

இது எவ்வளவு முக்கியம் என்பதை ஹிரோஷிமா, நாகசாகி கணக்கீடுகள் காட்டுகின்றன. உலகெங்கும் கதிர்வீச்சு ஆபத்து மதிப்பீட்டுக்கு அடித்தளமாக இருப்பது அங்கே உயிர் பிழைத்தோரின் ஆய்வு. 1986-ஆம் ஆண்டின் ஏற்பளவு முறை அவர்களைக் கைக்குழந்தை, சிறார், வளர்ந்தோர் என்ற மூன்றே சமன்பாட்டு உடல்களில் அடக்கியது. 1945-ஆம் ஆண்டின் ஜப்பானியர் உடலளவுக்கு ஏற்ப, பல வயதுகளுக்கு உரிய தனி மாதிரிகள் அண்மை ஆண்டுகளில்தான் உருவாக்கப்பட்டன.

என் அறிக்கையில் உள்ள மில்லிசீவெர்ட் எண் என் உடல் பெற்ற அளவா?

அன்று. அது பெரும்பாலும் 'பயனுறு ஏற்பளவு' என்ற அளவு; அதன் அலகு சீவெர்ட். மேற்கோள் ஆண், மேற்கோள் பெண் ஆகிய இருவரின் உறுப்புகளுக்கும் கணக்கிட்டுச் சராசரி எடுத்து, ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எடைக் காரணியை (கதிர்வீச்சின் தீங்கில் அந்த உறுப்புக்குரிய பங்கைக் காட்டும் எண்ணை) பெருக்கிக் கூட்டினால் அது கிடைக்கும். ஐ.சி.ஆர்.பி. 2007-இல் வெளியிட்ட 103-ஆம் அறிக்கையின்படி சிவப்பு மஜ்ஜை, பெருங்குடல், நுரையீரல், இரைப்பை, மார்பகம் ஆகியவற்றுக்கு 0.12, இனப்பெருக்கச் சுரப்பிகளுக்கு 0.08, தைராய்டு, கல்லீரல், உணவுக்குழாய், சிறுநீர்ப்பை ஆகியவற்றுக்கு 0.04. இந்தக் காரணிகள் எல்லா வயதினருக்கும் இரு பாலினருக்கும் சேர்த்து எடுத்த சராசரிகள். எனவே பரிசோதனை முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிடவும், பாதுகாப்பு வரம்புகளைக் கடைப்பிடிக்கவும் இந்த எண் ஏற்றது. 'எனக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இவ்வளவு' என்று ஒருவர் தனக்காகக் கணக்கிட அது ஏற்றதன்று. இதை நோயாளிக்குப் பொறுமையாக விளக்குவது கதிரியல் துறையினரின் கடமை என்று உறுதியாக நம்புகிறேன்; விளக்கப்படாத எண் வீண் அச்சத்தைத் தருகிறது, சில வேளைகளில் தேவையான பரிசோதனையையே மறுக்க வைக்கிறது.

அப்படியானால் ஒவ்வொரு நோயாளிக்கும் அவரவர் உடலையே மாதிரியாக்க முடியாதா?

முன்பு முடியாததாக இருந்தது. இப்போது முடியக்கூடியதாகி வருகிறது. தடையாக இருந்தது உறுப்புகளைக் கையால் வரைந்து பிரிக்கும் வேலை. ஆழ்கற்றல் முறையில் பயிற்றுவிக்கப்பட்ட நிரல்கள் இன்று அதைச் சில நிமிடங்களில் செய்கின்றன. 2023-இல் வெளியான டோட்டல்செக்மென்டேட்டர் என்ற கருவி சி.டி. படத்திலிருந்து 104 உடற்கூற்று அமைப்புகளைத் தானாகப் பிரித்தது. வரைகலைச் செயலிகளில் மான்டி கார்லோ கணக்குகளும் வெகுவாக விரைவடைந்துள்ளன. புற்றுநோய்க்குக் கதிரியக்க மருந்து செலுத்தும் சிகிச்சையில் இதன் தேவை மிகுதி. சிறுநீரகமும் மஜ்ஜையும் எவ்வளவு தாங்கும் என்பது அங்கே அந்த ஒரு நோயாளியைப் பற்றிய கேள்வி. ஆனாலும் ஒரு மார்பு சி.டி. படத்தில் மார்பு மட்டுமே இருக்கிறது. சிதறிய கதிர் எட்டும் மற்ற உறுப்புகளுக்கு, உயரமும் எடையும் பொருந்துகிற ஒரு மாதிரி உடலைத் தேடி ஒட்ட வேண்டியிருக்கிறது. மேற்கோள் மாதிரிகளுக்கு வேலை தீர்ந்துவிடவில்லை.

பழைய மாதிரிகளால் கணக்கிடப்பட்ட எண்களை நிராகரித்துவிடலாமா?

வேண்டியதில்லை. முழுவுடலுக்கான பயனுறு ஏற்பளவு பல சூழல்களில் சிறிதளவே மாறியிருக்கிறது. ஓர் உறுப்பில் கூடியது இன்னோர் உறுப்பில் குறைந்து சராசரியில் ஈடுகட்டப்படுகிறது. தனித்தனி உறுப்புகளைப் பார்க்கும்போதும், பீட்டா, ஆல்பா துகள்களைப் பார்க்கும்போதும் வேறுபாடு பெரிதாகிறது.

ஓர் ஆய்வுக் கட்டுரையில் உறுப்பு ஏற்பளவு தரப்பட்டிருந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எந்த மாதிரி, எந்தப் பதிப்பு, எந்த வயது, எந்தப் பால் என்பதைப் பாருங்கள். பிறகு கைகள் உடலோடு ஒட்டியிருந்தனவா, தலைக்கு மேல் உயர்த்தப்பட்டிருந்தனவா என்று பாருங்கள், மார்பு சி.டி. எடுக்கும்போது நோயாளி கைகளை உயர்த்தியிருப்பார், மேற்கோள் மாதிரியோ கைகளைத் தொங்கவிட்டிருக்கும், அந்தக் கைகள் பக்கவாட்டுக் கதிரைத் தடுத்து எண்ணைக் குறைத்துவிடும். உறுப்பு நிறையில் குருதி சேர்க்கப்பட்டதா, மஜ்ஜைக்கு எந்த முறை, சிறிய உறுப்புகளுக்குப் புள்ளியியல் பிழை எவ்வளவு ஆகியவை அடுத்து வருவன. இவை கட்டுரையில் சொல்லப்படவில்லை என்றால், இரு கட்டுரைகளின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதற்கு முன் ஆசிரியருக்கு எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.